பழைய புல்லட்டை நீங்களே பார்த்துக்கொள்ள: புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா ஓட்டிய புல்லட் என்றாலும் சரி, பழைய வண்டியாகத் தேடிப் பிடித்து வாங்கியது என்றாலும் சரி, முதல் சில வாரங்களிலேயே அதன் குணம் தெரிந்துவிடும். காலையில் ஒரே உதையில் கிளம்பும். மாலையில் சட்டை நனைய உதைத்தாலும் கிளம்பாது. அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, பிளக், பாயிண்ட், காயில், கார்புரேட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. வண்டி கிளம்பிவிடும். ஆனால் எதனால் நின்றது, எதனால் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், செலவும் அப்படியே.

அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விதியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள், தொட்டபின் ஓட்டிப் பாருங்கள், அப்புறம்தான் அடுத்தது. இந்த வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வரிசையாகப் பார்த்தால் கோளாறு தானாகவே வெளியே வரும்.

எந்த புல்லட் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் பிறந்து, 1955-ல் மெட்ராசில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு திருவொற்றியூரில் தயாரான அந்தப் பழைய 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், பாயிண்ட் இக்னிஷன். பாயிண்ட் என்பது இன்ஜின் சுழலும்போது திறந்து மூடி, ஸ்பார்க்குக்கான கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச். 2008-க்குப் பிறகு வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூ.சி.இ. இன்ஜின் வண்டிகளுக்கு இங்கே சொல்வதில் பாதி பொருந்தாது.

முதலில் கருவிகள்

ஸ்பேனர் செட் வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் நட்டுகளை அளந்து பாருங்கள். இந்த வண்டியில் பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகளும் மில்லிமீட்டர் அளவு நட்டுகளும் கலந்து கிடக்கும். முன்பு கைவைத்தவர்கள் கிடைத்த போல்ட்டைப் போட்டு இன்னும் குழப்பியிருப்பார்கள். 'கிட்டத்தட்ட சேருகிறது' என்று மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். கால் அங்குலம், பதினாறில் ஐந்து என்று கடைகளில் கேட்டாலே பிரிட்டிஷ் அளவு ரிங் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுப்பார்கள்.

அதோடு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், நல்ல முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர், சாதாரண மல்டிமீட்டர், மெல்லிய எமரித் தாள், வேஸ்ட் துணி. இவ்வளவு இருந்தால் இங்கே சொல்லும் எல்லா வேலையும் செய்யலாம். எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்ற கேள்வி இரவு எட்டு மணிக்குத்தான் வரும்.

வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். பெட்ரோல் வேலையையும் ஸ்பார்க் பார்க்கும் வேலையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உதைக்கும் முறை

'கிளம்பவில்லை' என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் கோளாறே இல்லை, உதைக்கும் முறைதான் தவறு. இந்த இன்ஜினை வேகமாகவோ பலமாகவோ உதைப்பதில் பயனில்லை, சரியான இடத்திலிருந்து உதைக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டுவதற்கு ஹெட்லைட்டின் மேல் ஆம்ப்ஸ் மீட்டர் இருக்கிறது.

பெட்ரோல் டேப்பைத் திறங்கள். வண்டி குளிர்ந்திருந்தால் சோக் போடுங்கள். சாவி போடாமல் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கிக்கரை அழுத்தி விடுங்கள். பெட்ரோல் உள்ளே வரட்டும். இப்போது சாவியைப் போட்டு, லைட் எல்லாம் அணைத்த நிலையில், கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துங்கள். ஓர் இடத்தில் கெட்டியாகத் தடுக்கும். அங்கே இடது கையால், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரெஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்குத் திரும்பும். அதோடு நிறுத்துங்கள். டீகம்ப்ரெஷரை விடுங்கள், கிக்கரை முழுவதும் மேலே வரவிடுங்கள், அப்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, பாதியில் விடாமல் உதையுங்கள். ஆக்சிலேட்டரைத் திருக வேண்டாம்.

முள் ஏன் அப்படி அசைகிறது என்று தெரிந்துகொள்வது பின்னால் மிகவும் உதவும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் (பிளக்குக்கு உயர் அழுத்தக் கரண்டைத் தரும் கம்பிச் சுருள்) வழியாகக் கரண்ட் ஓடுகிறது, முள் மைனஸுக்குப் போகிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் நிற்கிறது, முள் நடுவுக்கு வருகிறது. அதாவது இந்த முள் பாயிண்ட்டின் நிலையை உங்களுக்கு வெளியிலிருந்தே காட்டிக்கொண்டிருக்கிறது.

செருப்புக் காலோடு உதைக்காதீர்கள். டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், முன்னால் போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். ஷூ கட்டாயம்.

சரியாக உதைத்தும் கிளம்பவில்லை என்றால்

பெட்ரோல், கரண்ட், கம்ப்ரெஷன் (பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). இந்த மூன்றில் ஒன்று இல்லாமல்தான் வண்டி நிற்கும். சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம்.

பெட்ரோல் குழாயை கார்புரேட்டரிலிருந்து கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். முதலில் நன்றாக ஓடி, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஓட்டம் கூடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி அரை மணி நேரத்தில் நின்று, கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு கிளம்புகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. மூடியைத் துடைத்தாலே தீர்ந்துவிடும் கோளாறுக்குக் காயிலை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலை அப்படியே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் செந்நிறத் தூள் தங்கினால் டாங்க் உள்ளே துரு. அடியில் தனி அடுக்காக நீர் நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய், ஓரிங் ஆகியவற்றையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளாது. வாரத்தில் ஒருமுறையாவது ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்த வேண்டும் என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய பெட்ரோல் குழாயை, இப்போதைய பெட்ரோலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோல் வருகிறது, சரி. அடுத்தது கரண்ட். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடம்பை சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாக, சத்தமாக ஸ்பார்க் வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் போதாது. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. இருக்கட்டும்.

ஸ்பார்க்கே இல்லை என்றால் காயிலைக் கழற்ற ஓடாதீர்கள், ஆம்ப்ஸ் மீட்டரைப் பாருங்கள். சாவி போட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தும்போது முள் மைனஸுக்குப் போவதும் நடுவுக்கு வருவதுமாக இருக்கிறதா? முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் காயிலுக்கே போகவில்லை அல்லது பாயிண்ட் வழியாகப் பாயவில்லை: பியூஸ், சாவி சுவிட்ச், அறுந்த ஒயர், அழுக்கு பிடித்த பாயிண்ட். முள் மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வரவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அங்கே ஒயர் எங்கோ உடம்பில் உரசுகிறது. முள் ஒழுங்காக அசைகிறது, ஆனால் பிளக்கில் ஸ்பார்க் இல்லை என்றால்தான் கண்டன்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுப்பது), காயில், பிளக் ஒயர், கேப் ஆகியவற்றின் முறை. இந்த மூன்று நிலைகளை நினைவில் வைத்தால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டபடி விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

மூன்றாவது கம்ப்ரெஷன். டீகம்ப்ரெஷரைத் தொடாமல் கிக்கரின் மேல் மெதுவாக ஏறி நில்லுங்கள். உங்கள் எடையைச் சில நொடிகளாவது தாங்க வேண்டும். உடனே இறங்கிவிட்டால் எல்லோரும் சொல்வது 'ரிங் போச்சு, போர் அடிக்கணும்' என்பது. அவசரப்படாதீர்கள். முதலில் டீகம்ப்ரெஷர் கேபிளைப் பாருங்கள். லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் லேசாகத் திறந்தே இருக்கும், கம்ப்ரெஷன் அதன் வழியாக 'புஸ்' என்று போய்விடும். வால்வைச் சுற்றிக் கரியும் எண்ணெயும் படிந்திருந்தால் கசிவு உறுதி. அதற்கடுத்து வால்வுகளைத் திறக்கும் டேப்பட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் பார்த்த பிறகும் கம்ப்ரெஷன் இல்லை என்றால்தான் ஹெட்டைத் திறப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

பாயிண்ட்: அதிகம் தொடும் இடம்

வலப்பக்கம், டைமிங் கவருக்கு மேலே இருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். இதைச் சுத்தம் செய்து இடைவெளி வைக்கத் தெரிந்துவிட்டால் இந்த வண்டியோடு நிம்மதியாக வாழலாம்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், கம்ப்ரெஷன் தடுக்காது. நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை ஓடும் திசையில் கையால் சுற்றினால் இன்ஜின் மெதுவாகச் சுழலும். பாயிண்ட்டின் ஃபைபர் கால் கேமின் மேட்டில் ஏறி, பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது இரண்டு முனைகளையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஆரோக்கியம். கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம். இருட்டான இடத்தில் இன்ஜின் ஓடும்போது பாயிண்ட்டில் பளிச்சென்று நீலமாகப் பொறி பறந்தால் சந்தேகமே இல்லை, கண்டன்சரை மாற்றுங்கள். கண்டன்சர் கெட்ட வண்டியில் புது பாயிண்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும்.

மெல்லிய எமரித் தாளை முனைகளுக்கு நடுவே விட்டு இரண்டு இழுப்பு. ராவி ராவி மேடு முழுவதையும் எடுக்க வேண்டாம், அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுவதே மேல். பிறகு முக்கியமான வேலை: எமரியின் தூளும் கையின் எண்ணெய்ப் பசையும் அங்கே தங்கக் கூடாது. பெட்ரோலில் லேசாக நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்த வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் விட்டு இழுங்கள். அட்டை வெள்ளையாக வரும்வரை. சுத்தம் செய்த உடனே வண்டி கிளம்ப மறுத்தால், பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையை விட்டிருப்பீர்கள்.

இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு உள்ளே போய் வர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது தகடு நகர்ந்திருக்கும். கேமில் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம், சிதறிப் பாயிண்ட்டில் ஒட்டும். கிரீஸ் இல்லாமல் விட்டால் ஃபைபர் கால் தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கூடினால் டைமிங் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் போகும். அதனால் எப்போதும் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். மேனுவல்படி பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இந்த அளவை வைப்பதை மட்டும் முதல்முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். பாயிண்ட் தகட்டைத் தளர்த்துவதற்கு முன் அதன் நிலையை ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டால், எங்கே குழம்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் வருடம் பாயிண்ட்டோடே ஓட்டுங்கள் என்பது என் கருத்து. இந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதை அதைப்போலக் கற்றுத்தரும் பாகம் வேறு இல்லை. நடுவழியில் நின்றாலும் எமரித் தாளோடு நீங்களே சரிசெய்துவிடலாம்.

டேப்பட்

இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் கிளப்புவதற்கு முன் செய்யுங்கள். சிலிண்டரின் வலப்பக்கம் கீழே இருக்கும் சின்னக் கவரைத் திறந்தால் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இங்கே ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல்தான் அளவு. புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கத்தை இன்லெட்டைவிட ஒரு மயிரிழை தளர்வாக விடுங்கள், அது அதிகம் சூடாகும். லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி சுழற்றிப் பாருங்கள்.

'டக் டக்' சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைப்பவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். இறுக்கமான டேப்பட்டால் சூடானபின் வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரெஷன் குறையும், சூட்டில் வண்டி கிளம்பாது, போகப்போக வால்வே எரிந்துவிடும். கொஞ்சம் சத்தம் வந்தால் வரட்டும்.

எண்ணெய், எண்ணெய் ஒழுகல்

புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லியே அதை நாம் இயல்பாக்கிவிட்டோம். நன்றாக வைத்திருக்கும் வண்டி நின்ற இடத்தில் குட்டை போடாது.

பல இடங்களில் ஒரே நேரத்தில் எண்ணெய் கசிந்தால் பேக்கிங் ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேசுக்குள் காற்று அழுந்தும். அந்த அழுத்தம் வெளியே போக ஒரு வழியும், காற்று திரும்ப உள்ளே வராமல் தடுக்க முனையில் சப்பையான ஒரு ரப்பரும் இருக்கும். அந்த ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, குழாய் மடங்கினாலோ, அழுத்தம் வேறு வழியின்றி எண்ணெயை ஒவ்வொரு இணைப்பு வழியாகவும் தள்ளும். ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள், வாய் திறந்து மூட வேண்டும். சில ரூபாய் ரப்பர், மாற்றிவிடுங்கள். அதன் பிறகு இன்ஜினை மண்ணெண்ணெயால் நன்றாகத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, கசிவின் தொடக்கம் எங்கே என்று தேடுங்கள். எண்ணெய் காற்றில் பின்னால் பரவும், ஆகவே ஈரமான இடத்தில் மிக உயரமும் மிக முன்புறமும் இருப்பதுதான் மூலம்.

இடப்பக்கப் பெரிய கவர், அதாவது பிரைமரி செயின் கேஸ், நடுவில் ஒரே நட்டால் பிடித்திருக்கும். அங்கே கசிந்தால் நட்டைப் போட்டு முறுக்க வேண்டாம், கவர் வளைந்து இன்னும் மோசமாகும். ரப்பர் சீலை மாற்றி, ஓரத்தைச் சுத்தம் செய்து, அளவாக இறுக்குங்கள். உள்ளே சுமார் 420 மி.லி. எண்ணெய் போதும். அளவு காட்டும் ஸ்க்ரூ கவரிலேயே இருக்கிறது. இன்ஜின் எண்ணெயும் இதுவும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் மூன்றாவது.

இன்ஜின் எண்ணெய் 20டபிள்யூ-50. இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகம் பிடிக்கும். 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெளியே இருந்து வரும் யோசனைகளைக் கேட்டுத் தள்ளிப்போட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜின் சூடானபின் வடிக்க வேண்டும். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்ன் போல்ட் உண்டு. எண்ணெய் டாங்க், சம்ப் (கிராங்க்குக்கு அடியில் எண்ணெய் சேரும் குழி) இரண்டும் வடிய வேண்டும். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது கையால் முழுவதும் சுற்றி, ஸ்பேனரால் கடைசியாக ஒரு பிடி மட்டும். அலுமினியத்தில் மரை போனால் அது பெரிய வேலை.

ஃபில்டர் வலப்பக்க டைமிங் கவரின் கீழே இருக்கிறது. ஸ்பிரிங், வாஷர், ஃபெல்ட் எந்த வரிசையில் வெளியே வந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும். மூடுவதற்கு முன் அந்த அறைக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள், பம்ப் காற்றை இழுக்காமல் உடனே வேலை செய்யும். கிளப்பிய பிறகு, ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் குழாயின் மேல் போல்ட்டை ஒரு துளி தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்து வந்தால் சுற்று சரியாக இருக்கிறது. இறுக்கிவிடுங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், ஒரு நிமிடம்கூட ஓடவிட வேண்டாம்.

பல நாள் நின்ற வண்டி கிளம்பியதும் குபுகுபுவென வெண்புகை விட்டால் பயப்பட வேண்டாம். நிற்கும்போது எண்ணெய் பம்ப் வழியாக மெல்லக் கீழே இறங்கி சம்பில் தேங்கியிருக்கும். சில நிமிடங்களில் புகை நின்றுவிடும். அந்த நேரத்தில் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும், நம்பி ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டுப் பாருங்கள். புகை நிற்கவே இல்லை என்றால் அது வேறு கதை: ரிங் அல்லது வால்வு கைடு.

ஓடும்போது வரும் தொல்லைகள்

பிளக்கைப் பாருங்கள், பாதி பதில் அங்கே இருக்கும். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது மாதிரி இருந்தால் பெட்ரோல் குறைவு. வழவழவென்று எண்ணெய் ஈரம் இருந்தால் எண்ணெய் மேலே ஏறுகிறது.

ஸ்லோவில் நிற்கவில்லை, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறது என்றால் கார்புரேட்டரில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. இந்த வண்டியில் பெரும்பாலும் மிக்கார்ப் வி.எம். 24 இருக்கும். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், அப்புறம் எத்தனை டியூனிங் செய்தாலும் ஸ்லோ நிற்காது. மாட்டியபின் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து சரிசெய்யுங்கள். இது காற்றுக்கான ஸ்க்ரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் கலவை கூடும், வெளியே எடுத்தால் குறையும்.

ஆக்சிலேட்டரைக் குறைக்கும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடித்தால், சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிந்தால் ஸ்லோ ஏறி இறங்கும்.

சூடானபின் நின்று, ஆறியபின் கிளம்பும் வண்டிக்கு ஒரே வழி, நின்ற அந்த நிமிடமே பார்ப்பது. முதலில் டாங்க் மூடியைத் திறங்கள், உதையுங்கள். கிளம்பினால் காற்றுத் துளை. இல்லையென்றால் ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் காயில் அல்லது கண்டன்சர். ஸ்பார்க் இருக்கிறது, கம்ப்ரெஷன் குறைவு என்றால் டேப்பட். வீட்டுக்கு வந்து ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக இருக்கும், ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

செயின், பிரேக், கிளட்ச்

பின் செயினில் மிக இறுக்கமான இடத்தைத் தேடி, அங்கே 25 முதல் 30 மி.மீ. தளர்வு வையுங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே வெட்டில் இருக்க வேண்டும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் மாறும், ஆகவே செயினுக்குப் பிறகு பிரேக் ராடையும் சரிபார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கிளட்ச் லீவரில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு வேண்டும். நியூட்ரல் விழ மறுத்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். கால் பக்கம் இருக்கும் நியூட்ரல் ஃபைண்டர் லீவர் முதல் கியரைத் தவிர மற்றவற்றிலிருந்து வேலை செய்யும், நிற்பதற்கு முன் இரண்டிலோ மூன்றிலோ இருக்கும்போதே அழுத்திப் பழகுங்கள்.

பேட்டரி, ஒயரிங்

12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது 13.5-க்கு மேல், 14.5-க்குள். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பல்பு அடிக்கடி எரிந்துபோவதற்கும் அதுதான் காரணம். ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் காய்ந்து வெடித்த ஒயர்கள், டேப் மேல் டேப் சுற்றிய முடிச்சுகள் தெரியும். ஒவ்வொரு இணைப்பையும் சுத்தம் செய்து, எர்த் ஒயர் சேரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு மாட்டினாலே பல 'மர்மக் கோளாறுகள்' தீரும்.

பாகங்கள் வாங்கும்போது

சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. எந்த ஊராக இருந்தாலும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். புல்லட்டில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. பாயிண்ட்டிலும் கண்டன்சரிலும் விலை குறைந்ததை வாங்காதீர்கள். மட்டமான பாயிண்ட்டின் ஃபைபர் கால் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் டைமிங் போகும். நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பாயிண்ட், கண்டன்சர், பிளக் ஒரு செட்டைப் புதிது வாங்கியபின் தூக்கி எறியாமல் வண்டியின் பக்கப் பெட்டியில் வையுங்கள். அதோடு ஒரு கிளட்ச் கேபிள், செயின் லாக், பியூஸ், ஃபீலர் கேஜ், எமரித் தாள்.

கிராங்க், பிக் எண்ட், ஹெட் வேலை, கியர்பாக்ஸ் திறப்பது ஆகியவற்றை வீட்டில் தொட வேண்டாம், அதற்குத் தனிக் கருவிகளும் பழகிய கையும் வேண்டும். அப்படி மெக்கானிக்கிடம் போகும்போது 'வண்டி சரியில்லை அண்ணே' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது நின்றது, சூட்டிலா குளிரிலா, ஸ்பார்க் இருந்ததா, முள் எந்தப் பக்கம் நின்றது, நீங்கள் கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்று சொல்லுங்கள். இதற்காகவே ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் எழுதி வைப்பது நல்லது. நல்ல மெக்கானிக் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.